ஹோம்லேண்ட் செக்யூரிட்டி: சொல் மாறினால் அதிகாரமும் மாறும்

அமெரிக்கச் செய்திகளைத் தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. முப்படைகளை நிர்வகிக்கும் பென்டகனையும் பாதுகாப்புத் துறை என்கிறோம். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் ஊழியர்கள் எந்தத் துறையின் கீழ் வருகிறார்களோ அதையும் பாதுகாப்புத் துறை என்றே எழுதுகிறோம். டிஃபென்ஸ், செக்யூரிட்டி, புரொடெக்ஷன், சேஃப்டி என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் நான்கு சொற்களும் தமிழுக்கு வரும்போது ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அன்றாடப் பேச்சில் இதனால் பெரிய நட்டமில்லை. அமெரிக்கச் சட்டத்தில் மட்டும் இந்த வேறுபாட்டைக் கைவிட முடியாது. ஒரு சம்பவத்துக்கு எந்தப் பெயர் சூட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே அங்கே யார் வந்து நிற்கலாம், யாருடைய உத்தரவு செல்லுபடியாகும், செலவை யார் ஏற்பது என்பதெல்லாம் முடிவாகின்றன.

‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்பு என்ற தொடர் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகே பொதுமக்களின் வாயில் புழங்கத் தொடங்கியது என்றாலும், சொல் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. தேசியப் பாதுகாப்பை ஆராய்ந்த ஹார்ட்–ரட்மன் ஆணையம் அதே ஆண்டின் தொடக்கத்தில் இப்படியொரு தனி அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அப்போது அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. தாக்குதல் நடந்து ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 8 அன்று, வெள்ளை மாளிகையில் இதற்கென ஓர் அலுவலகம் உருவானது. பென்சில்வேனியா ஆளுநராக இருந்த டாம் ரிட்ஜ் அதன் பொறுப்பை ஏற்றார். 2002 நவம்பர் 25 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 2003 மார்ச் 1 முதல் 22 அமைப்புகளை ஒன்றிணைத்துப் புதிய துறை முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1947-இன் தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அமெரிக்க அரசு நிர்வாகத்தில் நடந்த மிகப் பெரிய மறுசீரமைப்பு இதுதான்.

எவையெல்லாம் உள்ளே வந்தன என்பதைப் பார்த்தால் இந்தத் துறையின் இயல்பு புரியும். நிதித் துறையிடமிருந்து சுங்கப் பிரிவும், அதிபருக்குக் காவல் நிற்கும் ரகசியச் சேவைப் பிரிவும் வந்தன. போக்குவரத்துத் துறையிடமிருந்து கடலோரக் காவல்படை வந்தது. நீதித் துறையின் கீழ் இருந்த குடியேற்றப் பணிகள் மூன்றாகப் பிரிந்து வந்தன. பேரிடர் நிர்வாகத்தைக் கவனிக்கும் ஃபீமாவும் சேர்ந்தது. விமான நிலையங்களில் பெட்டிகளை மோப்பம் பிடித்துப் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கும் பீகிள் நாய்கள்கூட வேளாண் துறையிலிருந்து இதன் கீழ் மாறின. அதேசமயம் உள்நாட்டில் பயங்கரவாத வழக்குகளைப் புலனாய்வு செய்யும் எஃப்பிஐ இதில் சேரவில்லை. அது இன்றும் நீதித் துறையின் கீழ்தான் இருக்கிறது. ஆகவே இதை உள்துறை அமைச்சகம் என்று எண்ணிக்கொள்வது தவறு. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் ‘இன்டீரியர்’ என்ற பெயரில் வேறொரு துறையே இருக்கிறது. தேசியப் பூங்காக்களையும் அரசு நிலங்களையும் பார்த்துக்கொள்ளும் அந்தத் துறையை ‘உள்துறை’ என்று மொழிபெயர்த்துவிட்டு, காட்டெருமைகளைப் பற்றி உள்துறை ஏன் கவலைப்படுகிறது என்று வாசகர் திகைப்பதும் உண்டு.

முதலில் தெளிய வேண்டிய வேறுபாடு, டிஃபென்ஸ் எனப்படும் தற்காப்புக்கும் செக்யூரிட்டிக்கும் இடையில் உள்ளது. வெளியிலிருந்து வரும் ராணுவத் தாக்குதலிலிருந்து அமெரிக்க மண்ணைக் காப்பது ‘ஹோம்லேண்ட் டிஃபென்ஸ்’, அதாவது தாயகத் தற்காப்பு. அது பென்டகனின் வேலை. 2002 அக்டோபரில் கொலராடோவில் தொடங்கப்பட்ட வடக்குக் கட்டளையகம் அதற்கான பொறுப்பை வகிக்கிறது. சட்டம், காவல், எல்லை, பேரிடர் என்று குடிமக்கள் நிர்வாகத்தின் வழியாக நடப்பது உள்நாட்டுப் பாதுகாப்பு. இந்தப் பிரிவினைக்குப் பின்னால் 1878-இல் இயற்றப்பட்ட ‘பாசி காமிடேட்டஸ்’ சட்டம் நிற்கிறது. அரசியலமைப்போ நாடாளுமன்றச் சட்டமோ வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, ராணுவத்தை உள்நாட்டில் காவல் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். கலகச் சட்டம் எனப்படும் 1807-இன் சட்டம் அதற்கு விலக்கு. 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது படைகள் இறங்கியது அதன் கீழ்தான்.

இதில் நேஷனல் கார்டு எனப்படும் தேசியக் காவல்படையின் நிலை சுவையானது. ஒரே வீரர், ஒரே சீருடை, ஒரே துப்பாக்கி. ஆனால் அவர் மூன்று வெவ்வேறு சட்ட நிலைகளில் பணியில் இருக்கலாம். மாநிலப் பணியில் இருந்தால் ஆளுநர் கட்டளையிடுவார், மாநிலம் சம்பளம் தரும். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 32-ஆவது தலைப்பின் கீழ் அழைக்கப்பட்டால், கட்டளை ஆளுநருடையதாகவே இருக்கும்; சம்பளம் மட்டும் வாஷிங்டனிலிருந்து வரும். 10-ஆவது தலைப்பின் கீழ் வந்துவிட்டால் கட்டளையும் சம்பளமும் அதிபரின் பக்கம் போய்விடும். முதல் இரண்டு நிலைகளிலும் 1878-இன் தடை அவரைக் கட்டுப்படுத்தாது, மூன்றாவதில் கட்டுப்படுத்தும். 2001 தாக்குதலுக்குப் பின் விமான நிலையங்களில் துப்பாக்கியுடன் நின்ற காவல்படையினர் 32-ஆவது தலைப்பின் கீழ் நிறுத்தப்பட்டவர்கள். பக்கத்தில் கடந்துபோன பயணிக்கு அவர் வெறும் ராணுவ வீரர். சட்டத்துக்கு அவர் யார் என்பது அவரை அழைத்த உத்தரவில் எழுதியிருக்கும் எண்ணைப் பொறுத்தது. கடலோரக் காவல்படை இதைவிட விசித்திரமானது: படைத்துறைகளில் ஒன்றாக இருந்தும் கடலில் கைது செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு, போர் அறிவிக்கும்போது நாடாளுமன்றம் அப்படிப் பணித்தாலோ அதிபர் ஆணையிட்டாலோ கடற்படையின் கீழ் சென்றுவிடும்.

‘உள்நாட்டுப் பாதுகாப்பு’ என்றால் என்ன என்பதற்கான வரையறையே நிலையாக இருந்ததில்லை. 2002 ஜூலையில் வெளியான முதல் தேசிய உத்தி, பயங்கரவாதத் தாக்குதலைத் தடுப்பது, அதற்கு நாடு எளிதில் இலக்காகும் நிலையைக் குறைப்பது, தாக்குதல் நடந்துவிட்டால் சேதத்தைக் குறைத்து மீள்வது என்ற மூன்றையே சொன்னது. மூன்றிலும் பயங்கரவாதம் மட்டுமே. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி லூசியானாவைத் தாக்கியது. கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. வெடிகுண்டையே எதிர்பார்த்துக் கட்டப்பட்ட ஒரு துறைக்கு வெள்ளம் பாடம் நடத்தியது என்றால் மிகையாகாது. 2006-இல் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தச் சட்டம் ஃபீமாவுக்கு அந்தத் துறைக்குள்ளேயே தனித்த இடத்தை அளித்தது. 2010-இன் ஆய்வறிக்கை, பயங்கரவாதத்தோடு ‘பிற ஆபத்துகளையும்’ வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. இப்போது ‘ஆல் ஹசார்ட்ஸ்’ என்று சொல்கிறார்கள்: எந்தக் காரணத்தால் மின்சாரம் போனாலும் மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் வேண்டும் என்கிற எளிய சிந்தனை அது.

இங்கே இடர் பற்றிய சொற்களுக்கு வருவோம். செய்தித்தாள்கள் அச்சுறுத்தல், ஆபத்து, இடர் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினாலும், இத்துறையில் பணியாற்றுபவர்கள் அவற்றைக் கலப்பதில்லை. அச்சுறுத்தலுக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது. தீங்கு செய்யும் நோக்கமும் அதற்கான வல்லமையும் சேர்ந்ததே அச்சுறுத்தல். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது இன்னும் முழுமை பெறவில்லை. ஆபத்து என்பது புயல், நிலநடுக்கம், தொற்றுநோய், தற்செயலான விபத்து போன்றது. அதற்கு நோக்கம் இல்லை. பலவீனம் என்பது நம் பக்கம் உள்ள ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நடந்தது எவ்வளவு தூரம் பரவி வலிக்கும் என்பது விளைவு. அச்சுறுத்தல், பலவீனம், விளைவு மூன்றின் பெருக்கமே இடர் என்பது அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வாய்பாடு. கூட்டலாக எழுதாமல் பெருக்கலாக எழுதியதில் ஒரு காரணம் இருக்கிறது: மூன்றில் ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம். அது கணிதத் துல்லியம் உள்ள வாய்பாடா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். நம்மைப் பார்த்துத் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய எதிரியின் எண்ணத்தை எந்த எண்ணாலும் குறித்துவிட முடியாது. எங்கே பணத்தைச் செலவிடுவது என்று யோசிக்க மட்டும் அது உதவும்.

2021 மே மாதத்தில் நடந்த கொலோனியல் பைப்லைன் சம்பவத்தை இந்தச் சொற்களைக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம். டெக்சாஸிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குச் சுமார் 5,500 மைல் நீளத்துக்கு ஓடும் அந்தக் குழாய்த் தொடர், அக்கடற்கரைப் பகுதியின் எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைக் கொண்டுசெல்கிறது. பணம் பறிக்கும் கணினிக் கும்பல் ஒன்று நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைந்தது; அது அச்சுறுத்தல். பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய தொலைநிலை இணைப்புக் கணக்கு மூடப்படாமலே இருந்தது, அதற்கு ஒரு கடவுச்சொல் மட்டுமே காவல், கைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை, அது பலவீனம். தாக்குண்டவை அலுவலகக் கணினிகள்தான் என்றாலும், தொற்று குழாயை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பரவிவிடுமோ என்று நிறுவனமே குழாயை நிறுத்தியது. சில நாள்களில் தென்கிழக்கு மாநிலங்களின் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டு இருப்பு தீர்ந்தது; அது விளைவு. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலரைப் பிட்காயினாகக் கொடுத்தது. அதில் ஒரு பகுதியை நீதித் துறை அடுத்த மாதமே கைப்பற்றியது. கும்பலின் நோக்கத்தை யாராலும் மாற்றியிருக்க முடியாது. அந்தப் பழைய கணக்கை மூடியிருக்க முடியும்.

அந்தக் குழாய் தனியாருடையது என்பது அடுத்த கருத்தாக்கத்துக்கு இட்டுச்செல்கிறது. ‘கிரிட்டிகல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’, அதாவது இன்றியமையாக் கட்டமைப்பு என்பதற்கு 2001-இன் பேட்ரியாட் சட்டத்தில் வரையறை இருக்கிறது. பௌதிகமாகவோ கணினி வெளியிலோ இருக்கும் அமைப்புகளில், செயலிழந்தால் நாட்டின் பாதுகாப்பையோ பொருளாதாரத்தையோ மக்கள் நலத்தையோ நொடித்துவிடக்கூடியவை இவை. 2013-இல் இவற்றை 16 பிரிவுகளாக வகுத்தார்கள். 2024-இல் வந்த புதிய ஆணையும் அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டது. எரிசக்தி, குடிநீர், அணைகள், நிதி, உணவு, மருத்துவம், தகவல்தொடர்பு என்று பட்டியல் நீள்கிறது. 2017 ஜனவரியில் வாக்குப்பதிவு எந்திரங்களும் வாக்காளர் பதிவேடுகளும் அடங்கிய தேர்தல் கட்டமைப்பும் இதில் ஓர் உட்பிரிவாகச் சேர்க்கப்பட்டது. சில மாநிலங்கள் அதை விரும்பவில்லை. தேர்தல் மாநிலத்தின் உரிமை, இந்தச் சொல்லைச் சாக்காக வைத்துக் கூட்டாட்சி அரசு உள்ளே நுழைந்துவிடும் என்பது அவற்றின் அச்சம். இவற்றில் பெரும்பகுதி தனியார் கையிலோ மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் கையிலோ இருப்பதால், இவற்றின் காப்புக்காக இந்தத் துறைக்குள் 2018-இல் உருவான சிசா என்னும் அமைப்பு பெரும்பாலும் அறிவுரை சொல்லலாம், எச்சரிக்கலாம், உதவலாம். கட்டளையிடும் அதிகாரம் அதற்குக் குறைவு.

2011 மார்ச்சில் வெளியான அதிபரின் எட்டாம் கொள்கை ஆணை தயார்நிலையை ஐந்து பணிகளாகப் பிரித்தது: தடுப்பு, காப்பு, தணிப்பு, உடனடி நடவடிக்கை, மீட்சி. இவற்றில் தடுப்பு என்பது இங்கே பயங்கரவாதத்துக்கு மட்டுமே உரிய சொல் என்பதைக் கவனிக்க வேண்டும். புயலை யாரும் தடுக்க முடியாது. வீட்டை உயர்த்திக் கட்டிப் புயலின் பாதிப்பைத் தணிக்கலாம். அடிபட்டும் வேலையை விடாமல் செய்து, விரைவில் பழைய நிலைக்கு வரும் ஆற்றலுக்கு மீள்திறன் என்று பெயர். இப்போது எல்லா ஆவணங்களிலும் மிகத் தாராளமாகத் தூவப்படும் சொல் அதுதான்.

எச்சரிக்கை மொழியில் நடந்த சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2002 மார்ச்சில் பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து நிறங்களில் ஓர் அபாய அளவுகோல் அறிமுகமானது. 2003 பிப்ரவரியில் ஆரஞ்சு அறிவிக்கப்பட்டு, ரசாயனத் தாக்குதல் வந்தால் சன்னல்களை அடைக்கப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டுநாடாவும் வாங்கி வையுங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, மக்கள் கடைகளுக்கு ஓடி அலமாரிகளைக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு நிறங்கள் ஏறின, இறங்கின. மஞ்சளுக்குக் கீழே மட்டும் ஒருபோதும் வரவில்லை. சிவப்பு ஒரே ஒருமுறை, 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மஞ்சளிலேயே நிற்கும் விளக்கைப் பார்த்து யார் என்ன செய்வது? 2011-இல் அதைக் கைவிட்டு, அச்சுறுத்தல் என்ன, எந்தப் பகுதிக்கு, எந்த நாள்வரை என்று குறிப்பிட்டு வெளியிடும் முறைக்கு மாறினார்கள். காலாவதித் தேதி போட்டதுதான் அதில் உண்மையான சீர்திருத்தம்.

களத்தில் பேசும் மொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970-இல் கலிஃபோர்னியாவில் பரவிய பெரும் காட்டுத்தீயை அணைக்கப் பல ஊர்களின் தீயணைப்புப் படைகள் வந்தபோது, பதவிப் பெயர்களும் வானொலி அலைவரிசைகளும் கலைச்சொற்களும் ஊருக்கு ஊர் மாறியதால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ‘இன்சிடென்ட் கமாண்ட்’ எனப்படும் சம்பவக் கட்டளை முறை: ஒரு சம்பவத்துக்கு ஒரு கட்டளை அமைப்பு, ஒருவருக்குக் கீழே மூன்று முதல் ஏழு பேர், எல்லாருக்கும் ஒரே பதவிப் பெயர்கள். 2001-இல் நியூயார்க்கில் காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களை முறையாக எட்டவில்லை. 2004-இல் இந்த முறை நாடு முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டது. காவலர்கள் வானொலியில் பயன்படுத்தும் ‘டென்’ எண் குறியீடுகளுக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் இருந்ததால், பல அமைப்புகள் சேர்ந்து இயங்கும் இடத்தில் குறியீட்டை விட்டு வெளிப்படையான பேச்சு மொழியில் பேச வேண்டும் என்பதும் விதியானது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மையமான ‘பயங்கரவாதம்’. இதற்குக்கூட அமெரிக்கச் சட்டத்தில் ஒரே வரையறை கிடையாது. குற்றவியல் சட்டத்தின்படி, உயிருக்கு ஆபத்தான குற்றச் செயலாக இருக்க வேண்டும். பொதுமக்களை அச்சுறுத்துவதோ அரசின் கொள்கையை வற்புறுத்தி மாற்றுவதோ நோக்கமாகத் தெரிய வேண்டும். உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்கு இப்படி வரையறை மட்டும் உண்டு. அந்தப் பெயரிலேயே தண்டிக்கும் தனிப் பிரிவு கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. 1995-இல் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பு வழக்கில்கூட, பேரழிவு ஆயுதம், கொலை போன்ற பிரிவுகளில்தான் தண்டனை விதிக்கப்பட்டது.

2013 ஏப்ரலில் இரண்டு நாள் இடைவெளியில் நடந்த இரு வெடிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 15-ஆம் தேதி பாஸ்டன் மாரத்தானின் முடிவுக்கோட்டருகே பிரஷர் குக்கர் குண்டுகள் வெடித்ததில் மூவர் இறந்தனர். 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 17-ஆம் தேதி டெக்சாஸில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தனர். பாஸ்டனில் எஃப்பிஐ வந்தது. பிடிபட்டவர் மீது பேரழிவு ஆயுதத்தைப் பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அணுகுண்டை நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கேட்பவர்கள் வியப்படையலாம். குற்றவியல் சட்டப்படி கையெறி குண்டும் பேரழிவு ஆயுதத்துக்குள் அடங்கும். வெஸ்டிலோ கதை வேறு. ரசாயனக் கிடங்குகள் பயங்கரவாதிகளின் கைக்குப் போகாமல் இருக்க, 400 பவுண்டுக்கு மேல் அமோனியம் நைட்ரேட் வைத்திருப்பவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. அந்தக் கிடங்கு சுமார் 270 டன் வைத்திருப்பதாக மாநில அரசுக்குத் தெரிவித்திருந்தது. இந்தத் துறைக்குத் தெரிவிக்கவில்லை. விபத்து என்றால் அது ஆபத்து, ஆகவே சேஃப்டி; திருட்டு என்றால் அது அச்சுறுத்தல், ஆகவே செக்யூரிட்டி. ஒரே மூட்டை இரண்டு அலுவலகங்களுக்கு இரண்டு பொருளாக இருந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2016-இல் கூட்டாட்சிப் புலனாய்வாளர்கள் அறிவித்தபோது அந்தப் பிரிவினையும் குழம்பியது.

நிதி உதவியிலும் சொல்தான் முந்தி நின்றது. 1988-இன் ஸ்டாஃபர்ட் சட்டத்தின் கீழ் ஆளுநர் கோரினால் அதிபர் ‘அவசரநிலை’ என்றோ ‘பெரும் பேரிடர்’ என்றோ அறிவிக்கலாம். பின்னதில் கிடைக்கும் உதவி மிக விரிவானது. வெஸ்டுக்கு முதலில் அவசரநிலை மட்டும் அறிவிக்கப்பட்டது. பெரும் பேரிடர் அறிவிப்புக்கான கோரிக்கை ஜூனில் மறுக்கப்பட்டு, மாநிலம் மேல்முறையீடு செய்தபின் ஆகஸ்டில்தான் ஏற்கப்பட்டது. பாஸ்டனுக்குச் சிக்கல் காப்பீட்டில் இருந்தது. பயங்கரவாதத் தாக்குதலில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நேரும் இழப்பில் ஒரு பங்கை அரசு ஏற்க வகைசெய்யும் பயங்கரவாத இடர்க் காப்பீட்டுச் சட்டம் 2002-இல் வந்தபோது வெளிநாட்டுத் தொடர்புள்ள செயல்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2007-இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் ஒரு சம்பவத்தைப் பயங்கரவாதச் செயல் என்று நிதித் துறைச் செயலர் சான்றளித்தால்தான் அந்தச் சட்டம் இயங்கத் தொடங்கும். சேதம் 50 லட்சம் டாலரைத் தாண்டாவிட்டால் சான்றளிக்கவே முடியாது. பாஸ்டன் குண்டுவெடிப்புக்கு அந்தச் சான்று கடைசிவரை வழங்கப்படவில்லை. முடிவுக்கோட்டருகே கடை வைத்திருந்தவர்கள் தங்கள் பாலிசியில் பயங்கரவாதம் என்ற சொல் எந்தப் பத்தியில், எந்த வரையறையோடு வருகிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.